சூட்கேஸுக்குள் ஒரு சமையலறை

"சாப்பாடு சரியில்லை." இரண்டே சொற்கள். இதை யார் சொல்கிறார்கள் என்பதைவிட யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் சொன்னால் சமைத்த பெண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்கள். ஓட்டலில்? சமைத்தவர் உள்ளே இருக்கிறார், பரிமாறியவர் பக்கத்தில் நிற்கிறார், முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நம் வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்பது கூட வந்திருக்கும் மனைவியின் முகத்தைத்தான். இந்த ஓட்டலுக்கு யார் வரச் சொன்னது, முன்னாடியே விசாரித்திருக்கக் கூடாதா, குழந்தைக்கு இந்தக் காரம் ஒத்துக்கொள்ளுமா, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று அந்தப் பார்வையில் நான்கைந்து கேள்விகள் இருக்கும்.

ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போனாலும் இந்தப் பார்வை கூடவே வருகிறது. அதற்கு விசா தேவைப்படுவதில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில். சைவச் சாப்பாட்டுக் குடும்பம். இரண்டு வருடங்களுக்கு முன் மாமா, அத்தை, கணவர், கொழுந்தனார், அவர் மனைவி, மூன்று குழந்தைகள் என்று ஒன்பது பேர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். கடலோரத்தில் ஒரு ரிசார்ட். நான்கு இரவுகள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் கட்டணத்திலேயே சேர்த்தி. ஒன்பது பேரும் சைவம், முட்டைகூடக் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். அவர்களும் சரி என்று பதில் அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் இரவு ரிசார்ட்டின் உணவகத்தில் உட்கார்ந்தோம். மேசையில் மெழுகுவத்தி, காலடியில் மணல், பின்னால் அலைச்சத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை, தட்டு வரும்வரை. நூடுல்ஸ் வந்தது, அதில் முட்டை. திருப்பி அனுப்பினோம். முட்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே நூடுல்ஸ் மறுபடி வந்தது. காய்கறிக் குழம்பு என்று ஒன்று வந்தது, மீன் சாஸ் வாசனையோடு. "மீன் துண்டு இல்லையே" என்றார் பரிமாறியவர். கடைசியில் வெறும் சோறு, வெள்ளரிக்காய்த் துண்டுகள், தர்பூசணி. இவ்வளவுக்கும் வாங்கிய பணத்தில் ஒரு காசு குறையவில்லை.

இது ஒரு வாடிக்கையாளரின் நியாயமான புகார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஓட்டல் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனைக்கும் புக்கெட் ஒன்றும் சைவச் சாப்பாடு தெரியாத ஊர் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒன்பது நாள் சைவ உணவுத் திருவிழா நடக்கும் தீவு அது. சீன வழி வந்த குடும்பங்கள் விரதம் இருந்து கொண்டாடுவது. அந்தச் சாப்பாட்டுக்கு அங்கே 'ஜே' என்று பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் அந்தக் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது என்று பொருள். ஆகவே ரிசார்ட்டுக்குத் தெரியாமல் இல்லை, அக்கறைதான் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது ரிசார்ட்டின் அக்கறையின்மையைப் பற்றி மட்டும் இல்லை. அன்று அந்த மேசையில் புகார் எந்தத் திசையில் போனது என்பதைப் பற்றி.

மேலாளர் வந்தார், குனிந்து மன்னிப்புக் கேட்டார், போனார். அவர் வேலை முடிந்தது. "நீ கொஞ்சம் நல்லா விசாரிச்சிருக்கலாம்" என்றார் என் கணவர். பதிவு செய்தது அவர், அவருடைய மின்னஞ்சலில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டு வந்தீங்கல்ல?" என்றார் கொழுந்தனார். "அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துக்காதும்மா, ரூம்ல ஏதாவது பண்ண முடியுமா பாரு" என்றார் மாமா. ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டலின் குற்றம் என் பொறுப்பாக மாறிவிட்டது. மேசையில் கைப்பேசி வைத்திருந்த ஆண்கள் மூன்று பேர் இருந்தார்கள். பக்கத்தில் 'ஜே' கடை எங்கே இருக்கிறது என்று தேட ஒருவர் கையும் அசையவில்லை.

அறையில் சமைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. புகை எழுந்தால் அலாரம் அடிக்கும். ஆகவே குளியலறையில், கண்ணாடிக்கு முன்னால் சோப்பை நகர்த்திவிட்டு, எலக்ட்ரிக் குக்கரை வைத்தேன். எக்ஸாஸ்ட் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் ஓரகத்தி வாஷ்பேசினில் அரிசி களைந்து கொடுத்தாள். மற்றவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். மறுநாள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் பெருங்காய வாசனையில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாஷ்பேசின் அடைப்பை எடுத்தார். ஓர் ஓட்டல் சொன்னபடி நடக்காததற்கு இரண்டு நாட்டுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து ஈடுகட்டினோம்.

இது எங்கள் வீட்டின் தனிக்கதை என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தைய வாரம் தென்சென்னையில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தி.நகரில் 'டிராவல் குக்கர்' கேட்டு நிற்பவர்கள் யார்? அடையாறு இனிப்புக் கடைகளில் புளியோதரை மிக்ஸும் தக்காளித் தொக்கும் எத்தனை நாள் கெடாது என்று விசாரிப்பவர்கள் யார்? மயிலாப்பூரில் அப்பளமும் வற்றலும் பருப்புப்பொடியும் வாங்கி, விமானத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க இரட்டை உறை போட்டு ஒட்டச் சொல்பவர்கள் யார்? அவர்களின் கணவர்கள் அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் பட்டியல் பார்ப்பதற்கு, இவர் பட்டியல் ஆக்கிப்போடுவதற்கு. இருவரும் ஒரே சுற்றுலாவுக்குத்தான் போகிறார்கள் என்று விமான டிக்கெட் சொல்கிறது.

இந்த மூட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப்பார்' 1951-இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண், தன் கையில் இருந்த ஒரே திறமையை எழுத்தாக்கித் தன் பெயரில் ஒரு புத்தகமாக நிறுத்தினார். அது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போன மாப்பிள்ளைகளின் புது மனைவிகளுடைய பெட்டியில் அது சீராக வைக்கப்பட்டது. அந்தப் பெண்களில் பட்டதாரிகள் உண்டு, எம்.எஸ்சி. படித்தவர்கள் உண்டு. கடல் தாண்டும்போது அவர்களுக்குக் கொடுத்தனுப்பப்பட்ட வழிகாட்டி, போகும் ஊரைப் பற்றியது இல்லை, சாம்பாரைப் பற்றியது. அம்பை தன் கதை ஒன்றுக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தார். அந்த மூலை இப்போது மடக்கி எடுத்துப்போகும்படி ஆகிவிட்டது, இருபத்து மூன்று கிலோவுக்குள்.

"வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா?" என்று கேட்பார்கள். குற்றமே இல்லை. அந்த ஆசைக்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விலை உண்டு என்பது சுற்றுலா நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். 'தென்னிந்தியச் சமையல்காரர் கூடவே வருவார்' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஐரோப்பாவில் பேருந்து நிற்கும் இடத்தில் சோறு, ரசம், பொரியல். அந்தச் சமையல்காரருக்குச் சம்பளம், விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உண்டு, அது பயணிகள் கட்டும் பணத்திலேயே அடங்கிவிடுகிறது. அதே ரசத்தை மனைவி வைத்தால் மட்டும் அது 'அன்பு' ஆகிவிடுகிறது. அன்புக்கு ரசீது கிடையாது. அதைவிட முக்கியம், அன்புக்கு விடுமுறையும் கிடையாது.

எத்தனை நிமிட அன்பு என்று அரசே எண்ணிப் பார்த்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடங்கள். அந்த வேலையைச் செய்ததாகச் சொன்ன ஆண்களுக்கு 97 நிமிடங்கள். 2024-இல் மறுபடி எண்ணினார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இதுவும் அந்த வேலையில் இறங்கிய ஆண்களின் கணக்குத்தான். 2019-இல் நூறு ஆண்களில் இறங்கியவர்கள் ஏறக்குறைய இருபத்தாறு பேர், நூறு பெண்களில் எண்பத்தொரு பேர். சுற்றுலாவில் இருக்கும் நாள்களை யாரும் தனியாக எண்ணவில்லை. எண்ண வேண்டும்.

சமையல் என்பது பெண்களுக்கு இயற்கையாக வருவது என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். நம் மொழியில் மிகச் சிறந்த சமையலுக்கு என்ன பெயர்? நளபாகம். அடுத்தது பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயர்கள். கோயில் மடப்பள்ளியில் ஆண், கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட்டில் ஆண், பெரிய ஓட்டலில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பவர் ஆண். பெயரும் காசும் கிடைக்கும் இடங்களில் எல்லாம் சமையல் ஆணின் கலை. மூன்று வேளை, முப்பது நாள், ஞாயிறும் உண்டு என்று வரும்போது மட்டும் அது பெண்ணின் இயற்கை.

பெண்ணுக்குப் புராணம் கொடுத்தது ஒரு பாத்திரம். காட்டுக்குப் போன பாண்டவர்களுக்குச் சூரியன் அட்சய பாத்திரம் கொடுத்தான். எத்தனை பேர் வந்தாலும் அள்ள அள்ளக் குறையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரௌபதி சாப்பிட்டு முடித்துவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் காலி. எவ்வளவு யோசித்து வைத்த நிபந்தனை பாருங்கள்! ஐந்து கணவர்கள், கூட வந்தவர்கள், எதிர்பாராமல் வரும் முனிவர்கள் எல்லாரும் சாப்பிட்டாலும் தீராத சோறு, ஒரு பெண் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். ஆகவே அவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். இந்தக் கதையை நமக்கு வளத்தின் கதையாகச் சொல்லித்தந்தார்கள். கடைசிப் பந்தியின் கதையாக யாரும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து கடல் கடந்து போய்ச் சாப்பாட்டால் பட்ட பாட்டுக்கு நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் கணிதமேதை ராமானுஜன். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். மனைவி ஜானகி உடன் போகவில்லை. அப்போது அவர் சிறுமி. பின்னாளில் அனுப்பும் பேச்சு வந்தபோது மாமியார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கேம்பிரிட்ஜின் கல்லூரிச் சாப்பாடு ராமானுஜனுக்கு ஆகவில்லை. அறையில் தானே சமைத்துக்கொண்டார். உலகப் போர் வந்ததும் காய்கறிகூட அரிதானது.

அந்த நாள்களில் நடந்த ஒரு சம்பவம் அவர் நண்பர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. நண்பர் ஒருவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், கூட வந்த இன்னொரு பெண்ணையும் ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். தானே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள் அதற்குமேல் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ராமானுஜன் அறையை விட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்து வந்து, நான் சமைத்ததை அந்தப் பெண்கள் வேண்டாம் என்றது மனதைப் புண்படுத்திவிட்டது என்று விளக்கம் சொன்னார்.

இதை மேதையின் மென்மையான மனதுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. தன் கையால் ஆக்கியதை ஒருவர் மறுத்தால் எவ்வளவு வலிக்கும் என்று ஓர் ஆணுக்கு ஒரே ஒரு நாள் தெரிந்தது. அந்த ஒரு நாளுக்கே அவர் ஊரைவிட்டுப் போனார். அதுவும் அவமதிப்பு இல்லை, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகு மரியாதையாகச் சொன்ன 'போதும்'. உப்பில்லை என்று முகம் சுளிப்பு, தட்டில் கை உதறல், "எங்க அம்மா வைக்கிற மாதிரி வராது" என்ற தீர்ப்பு, இதையெல்லாம் தினம் கேட்கும் பெண்கள் எந்த ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போவது? திருவான்மியூர் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனாலே, மாலைக்குள் போன் வந்துவிடும், ராத்திரிக்கு என்ன என்று.

இன்னொன்று. ராமானுஜன் 1920-இல் 32 வயதில் இறந்தார். "ஜானகி கூடப் போயிருந்தால் வேளைக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும், பிழைத்திருப்பார்" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஒரு நாட்டின் துயரத்துக்கு நடுவிலும் ஜானகிக்கு நாம் கொடுத்த இடம், இல்லாமல் போன சமையல்காரியின் இடம். ஜானகி லண்டனைப் பார்த்திருப்பார், இங்கிலீஷ் கற்றிருப்பார், பனியில் நடந்திருப்பார் என்று யாரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அவர் அதற்குப் பிறகு எழுபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தன் உழைப்பில் பிழைத்து, 1994-இல் மறைந்தார். அந்தக் கதை நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

சாப்பாட்டு இலையில் அரசியல் இருக்கிறது என்பது இந்த நகரத்துக்குப் புதிதில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற வழக்கத்தை 1941-இல் போராடி ஒழித்தார்கள். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஒரு சொல்லை அழிக்க அத்தனை பேர் சிறைக்குப் போனார்கள். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது பொதுப் பிரச்சினையானது. வீட்டுக்குள் யார் எப்போது, எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பது மட்டும் இன்னும் 'உங்கள் குடும்ப விஷயம்'.

எங்கள் சைவத்துக்கும் அந்தப் பலகையோடு உறவு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. 'சைவம் மட்டும்' என்று வீட்டு வாடகை விளம்பரத்தில் எழுதும் தெருக்களில்தான் நான் வாழ்கிறேன். அது நாக்கின் விருப்பம் மட்டும் இல்லை, யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்கான நாகரிகமான சொல். அந்தச் சுவரைத் தினமும் மெழுகிக் காப்பாற்றும் வேலை பெண்ணின் கையில் இருக்கிறது. புக்கெட்டில் குக்கர் வைக்கச் சொன்னதில் பசி பாதி, 'நம்ம சுத்தம்' பாதி.

வெளியே வந்தால் ஆண்கள் எவ்வளவு அழகாகச் சாப்பிடுகிறார்கள் என்பதை 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படம் காட்டியது. 2021-இல் மலையாளத்தில் வந்தது, 2023-இல் தமிழிலும் எடுத்தார்கள். வீட்டில் மென்ற சக்கையை மேசையிலேயே துப்பும் கணவன், ஓட்டலில் அதை ஒழுங்காக ஒரு தட்டில் ஒதுக்கிவைக்கிறான். "வெளியே வந்தா உங்களுக்கு இதெல்லாம் தெரியுதே" என்ற பொருளில் மனைவி சிரித்தபடி சொல்கிறாள். அவ்வளவுதான், அவனுக்குக் கோபம். கடைசியில் மன்னிப்புக் கேட்பது அவள். தெரியாததால் செய்யவில்லை என்ற சமாதானத்தை அந்த ஒரு காட்சி உடைத்துவிட்டது. தெரியும். தேவையில்லை என்பதால் செய்வதில்லை.

எதிர்க்கேள்விகள் வரும். வரட்டும்.

"காசு கொடுத்துப் போகிறோம், நல்ல சாப்பாடு கேட்கக் கூடாதா?" கேளுங்கள். காசு வாங்கியவரிடம் கேளுங்கள். மேலாளரை நீங்களே கூப்பிடுங்கள், நீங்களே பேசுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மனைவி அந்த ஓட்டலின் புகார்ப் பெட்டி இல்லை.

"குழந்தைகள் இருக்கிறார்கள், சர்க்கரை உள்ளவர்கள் இருக்கிறார்கள்." ஆம். அது ஆசை இல்லை, தேவை. தேவை என்றால் எல்லாருடைய வேலை. மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் நாக்குக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மகன், அம்மா மேல் வைத்திருப்பதாகச் சொல்லும் பாசத்தைக் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கலாம்.

"பெண்களுக்குத்தான் ஊர்ச் சாப்பாடு இல்லாமல் முடிவதில்லை." இதற்கு என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அறுபத்தெட்டு வயது. முதல் வெளிநாட்டுப் பயணம். அந்த நான்கு நாளும் வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் சொன்ன வாக்கியம், "அம்மாவுக்கு ஒத்துக்காது." குக்கர் வைத்தது அவர் பெயரால். மூன்றாம் நாள் மதியம் சாலையோரக் கடை ஒன்றில் குழந்தைகளுக்கு மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டுச்சாதமும் வாங்கினோம். அத்தை ஒரு வாய் எடுத்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் ஒண்ணு வாங்கலாமாம்மா? அவர்கிட்ட சொல்லாதே, சர்க்கரைன்னு ஆரம்பிப்பார்." அத்தைக்குச் சர்க்கரை கிடையாது. அது மாமாவுக்கு. மாமாவுக்காகப் பன்னிரண்டு வருடமாக வீட்டில் பாயசம் வைப்பதில்லை.

நாற்பத்தைந்து வருடம் ஒரு குடும்பத்துக்கே ருசி பார்த்துப் போட்ட பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று அவர் பெற்ற மகன்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலேயே அவர் பெயரைச் சொல்லி இன்னொரு பெண்ணை வேலை வாங்கினார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மூட்டிவிடப்படும் சண்டைகளில் பாதி இப்படித்தான் தயாராகின்றன என்று நினைக்கிறேன். எங்கள் இருவரையும் அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருக்குமே குக்கர் வேண்டாம்.

சமையலை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சுயஉதவிக் குழுப் பெண்கள் சம்பளத்துக்குச் சமைத்தார்கள். காலையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே நின்று, சூடாக, யாருக்கும் முதலில் பரிமாறாமல் சாப்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அங்கே ருசி பற்றிப் புகார் இருக்கலாம். ஆனால் அந்தப் புகாரை வாங்கிக்கொள்ள ஒரு மனைவி பக்கத்தில் நிற்பதில்லை.

அந்தப் பெண்களைச் சொல்லும்போது நம் சுற்றுலாவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நாங்க ஊருக்குப் போறோம், பத்து நாள் வர வேண்டாம்" என்று சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வரும் அக்காவிடம் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் அந்தப் பத்து நாள் சம்பளத்தைப் பிடிக்கும் வீடுகள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எத்தனை! நமக்கு விடுமுறை, அவருக்குச் சம்பளப் பிடித்தம். நம் உழைப்பை அன்பு என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று பேசும் உரிமை, அவர் உழைப்புக்கு விடுமுறைச் சம்பளம் கொடுத்த பிறகுதான் நமக்கு முழுதாக வரும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் சில வேலைகள் கொடுக்கிறேன். இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேளுங்கள். "உங்களுக்குப் பிடிச்சதுதான்" என்பார். விடாதீர்கள், கல்யாணத்துக்கு முன்னால் என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள். அடுத்த முறை ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டு முதலில் அவர் கைக்குப் போகட்டும். அண்ணனும் தம்பியும் தங்கள் பெட்டியில் தங்கள் பொடியைத் தாங்களே எடுத்துவைக்கட்டும். குக்கர் வந்தே தீர வேண்டும் என்றால், அரிசி அளக்கவும் அதைக் கழுவிக் கவிழ்க்கவும் முறை போட்டு எழுதுங்கள், பெயரோடு.

மனைவிகளுக்கு ஒன்றே ஒன்று. சாப்பாடு சரியில்லை என்று யாராவது உங்கள் முகத்தைப் பார்த்தால், நீங்களும் சொல்லுங்கள்: "ஆமாம், எனக்கும் சரியில்லை." சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். எழுந்திருக்க வேண்டாம்.